இருபத்தேழாம் நம்பர் ரிப்போர்ட்

ஒரகடம் கம்பெனியில் மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் இருக்கும் இசக்கிபாண்டிக்கு, மெடிக்கல் ரிப்போர்ட் சரியாக வந்தால் வெள்ளிக்கிழமை பெர்மனென்ட் ஆர்டர். புதன்கிழமை மதியம் போனில் ரிப்போர்ட் வந்தது. பெயர் இல்லை, லேபில் அவனுக்குக் கொடுத்த டோக்கன் நம்பர் இருபத்தேழு மட்டும் இருந்தது. இங்கிலீஷ் அவனுக்கு எட்டாது. ரூம்மேட் யாக்கோபுவிடம் போனை நீட்டினான்.

"என்னலே போட்டிருக்கு?"

யாக்கோபு எழுத்துக்கூட்டிப் படித்தான். "தலைப்பக்கத்து கிட்னில கிருமி. ரத்தம் ஊறுத எடமெல்லாம் அழிஞ்சிட்டாம்."

"கிட்னி தலையிலயாலே இருக்கு?"

"ஒனக்கு அடிக்கடி தலவலி வரும்லா? அதான்."

பயம் வந்துவிட்டால் மனிதன் எதையும் நம்புவான். இசக்கிபாண்டி பிடரியைத் தடவிப் பார்த்தான். வீங்கியிருப்பது போலவே இருந்தது. மறைத்து என்ன பயன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னான். அதுதான் தப்பாகப் போயிற்று.

"ஒட்டிக்கிற வியாதியா இருந்தா லைனே படுத்துடும்" என்று அவர் அவனை ஆளில்லாத பேக்கிங் ரூமில் தனியாக உட்காரவைத்து, எச்.ஆருக்கும் ஒரு மெயில் தட்டிவிட்டார்.

ரத்தம் ஊறட்டும் என்று அன்று சாயங்காலம் நாலு டம்ளர் பீட்ரூட் ஜூஸ் குடித்தான். மறுநாள் காலையில் டாய்லெட்டில் சிவப்பாகப் போனதைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விட்டது.

கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் தசரதன்தான் பரிதாபப்பட்டார். வல்லக்கோட்டைக்காரர், இளகிய மனசு.

"இன்னாப்பா, மூஞ்சி வெளுத்துக்கினு கீது? வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு சால்மன் மீன் வரவெச்சேன். அவங்க தயிர்சாதமே போதும்னுட்டாங்க. நீ துன்னு, ரத்தம் ஊறும்."

இசக்கிபாண்டி மூன்று துண்டு தின்றான். அப்படியும் மனசு ஆறவில்லை. தசரதனின் பைக்கில் ஏறி, ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் லேபுக்கே போய்விட்டான். அங்கே வேலை பார்க்கும் அமலா கம்ப்யூட்டரில் தேடிவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இது உங்களோடது இல்ல. இங்க சாப்பாட்டுப் பொருளும் டெஸ்ட் பண்றோம், அன்னிக்கு வந்த ஒரு மீனுக்கும் இருபத்தேழாம் நம்பர்தான். மீனுக்குத் தலைப்பக்கத்து கிட்னிலதான் ரத்தம் ஊறும், அதைத்தான் கிருமி அரிச்சிருக்கு. ரிப்போர்ட் ஆள் மாறிப் போயிடுச்சி. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

இசக்கிபாண்டிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்டது. அவளுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினான். தசரதன் தன் போனையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் டெஸ்டுக்குக் குடுத்தேன். 'இருபத்தேழு, கிருமி எதுவும் இல்லை'ன்னு எனக்கு வந்துச்சே, அத்த நம்பித்தானேப்பா அந்த மீன உனக்கு வறுத்துப் போட்டேன்."