ஒருக்காத்தான் கேட்பார்

திருப்பூர்க்காரர்களின் மரியாதையை ஒழித்துக்கட்டவே பிறந்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் மேனேஜர் 'ஒருக்கா' சார்தான். எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார். அதனால் அந்தப் பெயர்.

முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி. நான் சாம்பிள் டெய்லர். எங்களிடம் சரக்கு எடுக்கும் ஜெர்மனிக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும்போதெல்லாம் பயிற்சி கொடுப்பது சார்தான். அவர் முதன்முதலில் அங்கே போனபோது, சாப்பாடு வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் வழக்கப்படி 'பரவாயில்லை' என்றுவிட்டு, மறுபடி கேட்பார்கள் என்று காத்திருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று முழுப் பட்டினி.

சில மாத வேலைக்கு என்னை அனுப்ப முடிவானது. நானோ அஞ்சாவதோடு நின்றவன். பஸ்ஸில் ஜன்னலைத் திறக்கச் சொல்லவே கூச்சப்படுகிறவன்.

"டீ சாப்படறீங்களா தம்பி?"

"இருக்கட்டுங்க சார்."

என் கண்ணெதிரே அவரே குடித்தார். மறுநாள் பஜ்ஜி. அதற்கும் "இருக்கட்டுங்க". அதையும் அவரே தின்றார். என் பயிற்சியில் அவருக்குத் தொப்பை விழுந்ததுதான் மிச்சம்.

"கூச்சத்த இங்கயே வெச்சுட்டுப் போங்க தம்பி. அங்க பசியில மயங்கி உளுந்தீங்கன்னா உங்க ஊட்டுல நான் என்னன்னு சொல்றது?"

சார் தன் மகள் கல்யாணப் பந்தியிலும் நடத்தியது அதே பாடம்தான். ஜிலேபி வாளியோடு வந்து மச்சானைக் கேட்டார். "வேண்டாங்க மாப்ள" என்றார் அவர். வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது.

"ஏனுங்க, பொண்ணுக்குத் தாய்மாமனுங்க நானு! ஒருக்காத்தான் கேப்பீங்களா?"

கை கழுவ எழுந்தவர் அப்படியே ஊருக்குப் போய்விட்டார். சமாதானம் பேச சாரின் மனைவி குன்னத்தூர்வரை போகவேண்டியிருந்தது.

புறப்படும் நாள்வரை நான் தேறவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும், கம்பளி ஸ்வெட்டரோடு சார் வந்தார்.

"என்னோடதுதான். குளுருக்கு வேணுங்களா?"

வாய்ப் பழக்கம் விடுமா? "இருக்கட்டுங்க சார்."

திரும்பி நடந்துவிட்டார். வேன் கேட்டைத் தாண்டும்போது பின்னால் யாரோ படபடவென்று தட்டினார்கள். டிரைவர் நிறுத்தினார். மூச்சிரைக்க, ஜன்னலில் சாரின் முகம்.

"தம்பி... வேணுங்களா?"

"வேணுங்க சார்!" டிரைவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

ஜெர்மனியில் நான் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை. அந்த ஸ்வெட்டர்தான் எனக்கு ரொம்பப் பெரிது. பிடித்துத் தைக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? மனம் வரவில்லை. தொளதொளவென்றே போட்டுக்கொள்கிறேன்.