நான் பேசாமல் இருந்த தவக்காலம்

போன மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை சரியாக ஐந்து நாற்பதுக்கு என் மானம் கப்பலேறத் தொடங்கியது. (கடலூர்க்காரன் என்பதால் துறைமுகம் வரை அலைய வேண்டியிருக்கவில்லை.)

ஐந்து நாற்பது என்பது சிவகுமார் போன் செய்யும் நேரம். பாலிடெக்னிக்கில் என் அறையில் தங்கியவன். சிதம்பரம் மேல வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். அந்த நேரத்தில் கடையில் கூட்டம் இருக்காது. மனதில் உள்ளதையெல்லாம் என் காதில் இறக்கிவைப்பான். மாடியில் குடியிருக்கும் தம்பி, தண்ணீர் மோட்டாரை நிறுத்தவே நிறுத்தாத தம்பி மனைவி, சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்குப் போன மகன். மூன்று வருஷமாக, தினமும் முக்கால் மணி நேரம். அந்த மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

போனை வைத்ததும் அவன் லேசாகிவிடுவான். எனக்கு பிரஷர் ஏறும். போதாததற்கு மகள் ஜெனிக்கு பிளஸ் டூ. அவள் பாட்டுக்கு நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கெமிஸ்ட்ரிக்காகப் பயப்படும் வேலை முழுவதும் என் தலையில்.

"டாடி, அங்கிள்கிட்ட நேராச் சொல்லிடுங்க. 'இன்னிக்கு முடியல, ஞாயித்துக்கிழமை பேசலாம்'னு. அவ்ளோதான்" என்றாள் ஜெனி.

அவ்வளவுதான். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஒரு வரி எனக்குத் தொண்டையைத் தாண்டவில்லை. பொய்தான் தாண்டியது. சாம்பல் புதனன்று, தவக்காலம் தொடங்கிய கையோடு, சொன்னேன்: "மச்சான், பொண்ணு பரீட்சைக்காக ஒரு ஒறுத்தல் வச்சிருக்கன். தினமும் அஞ்சரைலேர்ந்து ஏழு வரைக்கும் மௌனம். கவுச்சியும் தொடமாட்டன். ஈஸ்டர் வரைக்கும்."

(எங்கள் பங்குக் கோயிலில் தவக்காலத்துக்குக் கறியை விடுவார்கள், சிகரெட்டை விடுவார்கள். நண்பனை விட்டவன் நான் ஒருத்தன்தான்.)

சிவகுமார் நெகிழ்ந்துபோனான். "நல்ல காரியம் மச்சான். நீ பேசவே வாணாம். நான் பேசறன், நீ கேளு, போதும். ஆமான்னா போன்மேல ஒரு தடவ தட்டு. இல்லன்னா ரெண்டு தடவ."

முன்பாவது "சரி மச்சான், வச்சிரட்டா?" என்று கேட்க வாய் இருந்தது. இப்போது அதுவும் போச்சு. முக்கால் மணி, முழுதாக ஒரு மணியானது. "நீ இப்பத்தான் மச்சான் நல்லாக் கேக்கற" என்று பாராட்டு வேறு.

இரண்டாவது வாரத்தில் போனை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் உலாத்தப் பழகினேன். நடுநடுவே வந்து ஒரு தடவை தட்டுவேன். எது கேட்டாலும் ஆமாம்.

அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி ஸ்டெல்லாவும் ஜெனியும் கோயிலுக்கு, சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போயிருந்தார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லியிருந்தேன் (அது அடுத்த பொய்). சிவகுமார் ஆரம்பித்ததும் போனை ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டு, மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் நிற்கும் வண்டிக்கடைக்கு நழுவினேன். சிக்கன் பக்கோடா. தவக்காலத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில்! ஒரு பொட்டலம் முடிந்து இன்னொன்று. பதினேழு நாளாக அடக்கிவைத்த பேச்சையெல்லாம் பக்கோடாக்காரர் தலையில் கொட்டினேன். ஒன்றரை மணி நேரம். அவர் பாவம், எண்ணெயைப் பார்த்தபடி "ஆமாங்க, ஆமாங்க" என்றார்.

ஃப்ரிட்ஜ் மேல் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிவகுமார் அன்றைக்கு மோட்டாரைப் பற்றிப் பேசவில்லையாம். "பையன் மத்தியானம் போன் பண்ணான் மச்சான். மூணு மாசம் கழிச்சு. கோவத்துல நான் எடுக்கல. எடுத்திருக்கணுமா?" என்று கேட்டிருக்கிறான். தட்டு வரவில்லை. மறுபடி கேட்டான். வரவில்லை. போன வருஷம் நான் ஆபீசில் மயங்கி விழுந்தபோது இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தவன் அவன். வைத்துவிட்டு மறுபடி அடித்திருக்கிறான், யாரும் எடுக்கவில்லை. ஸ்டெல்லாவின் போன் கோயிலில் சைலண்டில் இருந்தது. கடை ஷட்டரை இழுத்துவிட்டுக் கிடைத்த பஸ்சில் ஏறிவிட்டான்.

இப்போது அவன் போன் செய்தால், "இன்னிக்கு பதினஞ்சு நிமிஷந்தான் மச்சான்" என்கிறேன். "சரி மச்சான்" என்கிறான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. எங்கள் வீட்டில் யாராவது எதையாவது நீட்டிப் பேசினால் ஜெனி எழுந்துபோய் ஃப்ரிட்ஜை ஒரு தடவை தட்டிவிட்டு வருவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், காது மட்டும் சூடாகும்.

ஏனென்றால் அன்றைக்குத் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றபோது நான் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இது: "தினம் வந்து கொட்டறதுக்கு என் காதென்ன குப்பத்தொட்டியா?"

பக்கோடாக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். கையில் கடைச் சாவிக்கொத்தோடு சிவகுமார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. எதுவும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான்.

"உசுரோடதான் இருக்க" என்றான். பிறகு, மெதுவாக: "ஒரு வார்த்த சொல்லியிருந்தா போன வச்சிருப்பன்ல, மச்சான்."

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. கையிலிருந்த பொட்டலத்தை அவன் முன்னால் நீட்டினேன். "சாப்புடு."

உள்ளே பார்த்துவிட்டுப் பொட்டலத்தை என் பக்கமே தள்ளினான்.

"வாணாம் மச்சான். உன்கூட சேர்ந்து நானும் பதினேழு நாளா கவுச்சி தொடல. பொண்ணுக்குத் திங்கக்கெழம கெமிஸ்ட்ரி இருக்கில்ல?"