பத்து அவரை விதைகளும் ஓர் ஏணியும்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு உங்கள் அக்காள் கணவன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்கிறேன். என் ஏணியை வாங்கிக்கொண்டு போனவர் அதைத் திருப்பித் தரும்வரை இந்த ‘நீங்கள்’ மாறாது.

நீங்கள் அனுப்பிய அவரை விதை டப்பா கிடைத்தது. ஏணி கேட்டவனுக்கு விதை எதற்கு என்று அப்போதே எனக்கு இடித்தது. போதாததற்கு, ‘பழைய விதை என்று நினைக்க வேண்டாம்’ என்று உள்ளே ஒரு சீட்டு. பழையதா என்று நான் கேட்டேனா? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். உங்கள் அக்காள், “தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதீங்க” என்றாள். மாட்டை அனுப்பியது யார் என்று பார்க்க வேண்டாமா? கடை கடையாகப் போய்த் தராசு சோதித்தே ஓய்வு பெற்றவன் நான். கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டது இதுதான்: பத்து விதையைச் சோதிப்பது, பாதிக்கு மேல் முளைத்தால் நடந்ததை மறந்து உங்களை வீட்டுக்கு அழைப்பது, முளைக்காவிட்டால் அந்தப் பேச்சையே அவள் எடுக்கக் கூடாது.

பத்தையும் ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிஜ் மேல் வைத்தேன். மறுநாள் பார்த்தால் துணி நான் நனைத்ததைவிட ஈரமாக இருந்தது. தம்பி மேல் உள்ள பாசம் ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் தெளித்திருக்கிறது. உடனே டப்பாவைச் செருப்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஆனாலும் உள்ளே என்ன நடக்குதோன்னு மனசு கேட்குதா? ஒரு விதையை எடுத்துப் பிளேடால் பிளந்து பார்த்தேன். வெள்ளையா, நல்லாத்தான் இருந்துச்சு. அவ்வளவு நல்லா இருந்ததே சந்தேகமாப் போச்சு. அதைச் சரிபார்க்க இன்னொன்று, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க மூன்றாவது, இப்படியே தினமும். கடைசியில் எண்ணினால் பிளந்த ஒன்பதில் ஒன்றுகூட முளைக்கவில்லை. பத்தாவது மட்டும் உப்பிக்கொண்டு எதையோ மறைக்கிற மாதிரி இருந்தது, அதையும் பிளந்தேன். பத்துக்குப் பூஜ்யம். மிச்சம் இருந்த விதைகளைப் பின்சுவர் ஓரம் விசிறிவிட்டேன். அன்றிலிருந்து உங்க அக்கா என்கூடப் பேசறதில்லை. தட்டைத் தூக்கிக்கிட்டு அடுப்படியில போய் உட்காந்துக்கறா. தனியாகச் சாப்பிட எனக்கும் தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் நியாயம் நியாயம்தான்.

ஆகவே தாங்கள் வர வேண்டியதில்லை. ஏணியை மட்டும் லாரியில் போட்டு அனுப்பவும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். அவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, இதுவரை.

இப்படிக்கு,
ஏணி இல்லாத அத்தான்

பி.கு.: மழை பிடித்துக்கொண்டதால் இந்தக் கடிதம் ஒரு வாரமாக மேசையிலேயே கிடந்தது. இன்று பின்பக்கம் போனால், சுவரோரம் முழுக்க அவரை முளைத்து நிற்கிறது. கடையில் புது விதை வாங்கி நட்டுவிட்டாயா என்று உன் அக்காவைக் கேட்டேன். “நான் ஒண்ணும் நடலை. நீங்க பிளந்து பாக்காம விட்டது அது மட்டும்தான்” என்றாள். இத்தனை நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. கொடி ஏறுவதற்குள் பந்தல் போட வேண்டும், அதற்கு ஏணி வேண்டும். லாரிக்காரர்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நீயே தூக்கிக்கொண்டு வா.