ஞாயிறு மாலை ஆறரை வரை

என் ஐம்பது வருட வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ரகசியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் மூன்று நாள்தான் காப்பாற்றினேன். அதன் விளைவாக, நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மாமனாருக்கு, சாகக் கிடக்கும் கிறிஸ்தவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப் பூசுதல் கொடுக்க, மாதா கோயில் பங்குச் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்து நின்றார். பெண்ணாடத்திலிருந்து ஒரு வேன் நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அன்றிலிருந்து, ரகசியம் காப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மரியாதை வருவதில்லை. நடுக்கம்தான் வருகிறது.

நாலைந்து வருடம் இருக்கும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை, அண்ணாமலை நகரில் வாடகை வீடு. ஓய்வு நேரத்தில் சென்னை வார இதழ் ஒன்றில் மருத்துவப் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். மருத்துவத்தில் என் தகுதி என்னவென்று கேட்காதீர்கள். மூட்டுவலியைப் பற்றி எழுதினால் எனக்கு மூட்டு வலிக்கும், சர்க்கரையைப் பற்றி எழுதினால் தாகம் எடுக்கும். அவ்வளவுதான்.

ஒரு நாள் இதழின் ஆசிரியர் கூப்பிட்டார். "சார், வெளிநாட்டுல பெரிய புற்றுநோய் மாநாடு நடக்குது. புது ஆராய்ச்சிங்களப் பத்தி பத்திரிகைக்காரங்களுக்கு முன்கூட்டியே கம்ப்யூட்டர்ல விளக்கம் குடுப்பாங்களாம். உங்க பேரப் பதிஞ்சிட்டேன்."

பதிவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆராய்ச்சி முடிவுகள் மாநாட்டில் வெளியாவது ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகைக்காரர்கள் அவசரத்தில் உளறாமல் நிதானமாக எழுதட்டும் என்று வியாழக்கிழமையே நமக்குச் சொல்லிவிடுவார்கள். ஆனால் நம்மூர் நேரப்படி ஞாயிறு மாலை ஆறரை மணி வரை அதை அச்சிடக் கூடாது, பகிரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது. இந்தத் தடைக்கு எம்பார்கோ என்று பெயர். 'சம்மதிக்கிறேன்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். உலகத்தின் மற்ற நிருபர்கள் அதைப் படிக்காமலே டிக் போட்டிருப்பார்கள். நான் மூன்று முறை படித்துவிட்டு, எழுந்து நின்று டிக் போட்டேன்.

வியாழன் மாலை மேலே வெள்ளைச் சட்டையும் கீழே லுங்கியுமாக உலகப் பத்திரிகையாளர்களின் நடுவே போய் உட்கார்ந்தேன். மைக்கை அணைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மருத்துவர் பேச ஆரம்பித்ததும் எங்கள் தெருவில் "பழைய இரும்பு, ஈயம், பித்தளை" வண்டி ஒலிபெருக்கியோடு நுழைந்தது. நெறியாளர் அம்மையார் பேச்சை நிறுத்தி, இந்தியாவிலிருந்து யாரோ கேள்வி கேட்க விரும்புகிறார் போலிருக்கிறது என்றார். (எனக்குக் கேள்வி இல்லை, ஓட்டைக் குடம் ஒன்றுதான் இருந்தது.)

மூன்றாவது ஆராய்ச்சிக்கு வந்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெருங்குடல் புற்றுநோய். என் மாமனாருக்கு இருப்பது அதுதான்.

மாமா இன்னாசிமுத்து கடலூர் முதுநகரில் இருக்கிறார். பள்ளியில் முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு எட்டு மாதத்துக்கு முன் குடலில் கட்டி என்று அறுவை செய்து, பிறகு சிதம்பரத்து மருத்துவர் ஒருவரிடம் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார். இதில் அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் நோயின் பெயர் தெரியும் என்பது எங்கள் ஏற்பாடு. வீட்டில் அதற்குப் பெயர் 'புண்ணு'. ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்த ஆங்கிலச் சொல்லை மறைக்க மச்சான் சார்லஸ், ஸ்கூல் நோட்டுக்குப் போடுவதுபோல் பழுப்பு அட்டை போட்டு, லேபிளும் ஒட்டி வைத்திருந்தான். மருத்துவரிடம் பேசுவதும் ரிப்போர்ட்டைப் படிப்பதும் என் பொறுப்பு. ஆகவே மாமாவின் உடல்நிலை எப்படி என்று தெரிந்துகொள்ள அந்தக் குடும்பம் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை. என் முகத்தைத்தான் பார்க்கும்.

திரையில் இரண்டு கோடுகள். விருத்தாசலம் ஜங்ஷனில் தண்டவாளம் பிரிவதுபோல ஒன்று கீழே போக, புது மருந்தின் கோடு மேலேயே போனது. என்ன மருந்து, எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் இப்போது நினைவில்லை. அன்றும் முழுதாகப் புரிந்தது என்று சொல்ல முடியாது. மாமாவுக்கு வழி பிறந்துவிட்டது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. "ரீட்டா!" என்று என் மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தவன், டிக் போட்டது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது முறை சோறு வேண்டாம் என்றேன். ரீட்டா கரண்டியோடு நின்றுவிட்டாள். "என்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பாவப் பத்தி எதாவது..."

"ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி எதுவும் கேக்காத."

மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாமாவுக்கு ஐந்தாவது கீமோ. இனிமேல் வரமாட்டேன் என்று அவர் அடம்பிடிப்பதாக அத்தை போனில் சொல்லியிருந்தார். ஞாயிறு வரை மனதைத் தளரவிடாமல் பிடித்துவைத்துவிட்டால் போதும், பிறகு செய்தியைச் சொல்லிவிடலாம் என்று கடலூருக்குப் பஸ் ஏறினேன்.

"வாங்க மாப்ள. என்னா திடீர்னு?" என்றார் மாமா.

"சும்மா பாக்கணும் போல இருந்துச்சி மாமா."

(கல்யாணமான இருபது வருடத்தில் நான் அவரைச் சும்மா பார்க்கப் போனதே இல்லை. இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி உயிர் போய்விட்டதாகப் பிறகு சொன்னார்.)

"செவ்வாக்கெழம நான் வரல மாப்ள. நாலு ஏத்தியாச்சி, போதும். எத வாயில வச்சாலும் தகரம் மாதிரி இருக்குது. பச்சத் தண்ணியத் தொட்டா ஊசி குத்துது. ஒரு புண்ணுக்கு இவ்ளோ தண்டனையா?"

நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "மாமா, ஞாயித்துக்கெழம வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்க."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் ஒரு கவலையும் இல்ல மாமா."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அத்தையும் ஆறுதல் அடைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

பஸ் ஏற்றிவிட சார்லஸ் கூடவே வந்தான். "மச்சான், டாக்டர் எதாவது சொன்னாரா? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியும்டா. ஆனா சொல்லக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"எழுதியே வாங்கிட்டாங்களா!" அவன் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆறரைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

"மணி கூடவா சொல்லிட்டாங்க?"

"வெளிநாட்டுலேர்ந்தே சொல்லிட்டாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

சனிக்கிழமை காலை ரீட்டாவுக்கு ஒரு போன் வந்தது. என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், சிவந்த கண்ணோடு கடலூருக்குக் கிளம்பினாள். பாவம், அப்பாவின் பிடிவாதத்தை நினைத்து அழுகிறாள், நாளைக்குச் சாயங்காலம் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு படித்த ஒருவன் இவ்வளவு முட்டாளாக இருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

ஞாயிறு மாலை ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு போய் முதுநகரில் இறங்கினேன். மாமா வீட்டுத் தெருமுனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. வாசலில் வாடகை நாற்காலிகள். நாற்பது ஜோடி செருப்பு. பெண்ணாடத்து வேன். சுவரோரம் பங்குச் சாமியாரின் புல்லட். உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்லும் முனகல்.

மாமா போய்விட்டார்.

செய்தி என் சட்டைப் பையில் இருக்கிறது, அதைக் கேட்க வேண்டியவர் இல்லை. மூன்று நாள் முன்பு சொல்லியிருந்தால் அந்தச் சந்தோஷத்தோடாவது போயிருப்பார். எவன் கண்டுபிடித்த டிக், எவன் கண்டுபிடித்த தடை! ஜாங்கிரிப் பெட்டியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல், மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

கூடத்தின் நடுவே, சலவை வேட்டி சட்டையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் மாமா. சாமியார் அவர் நெற்றியில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். மாமாவின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஜெபமாலை நின்றது. மொத்தக் கூட்டமும் என் முகத்தைப் பார்த்தது. பிறகு ஜாங்கிரிப் பெட்டியைப் பார்த்தது.

மணி ஆறு இருபது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உலகத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். நான் சொன்னது இது: "இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

அத்தை அப்படியே சரிந்தார். பெண்ணாடத்துப் பெண்கள் ஒரே குரலில் எழுப்பிய அலறல் துறைமுகத்துக் கப்பல்காரர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். சார்லஸ், "பாவி, இனிப்பு வேறயா!" என்று என் மேல் பாய்ந்தான்.

அப்போது காது கிழிகிற மாதிரி ஒரு விசில். மாமா, எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கும் தன் பழைய பி.டி. மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "எல்லாரும் உக்காருங்க! மாப்ள, நீ மட்டும் நில்லு. எனக்கு யாருய்யா மணி குறிச்சது?"

சொன்னேன். வியாழக்கிழமை கூட்டம், இரண்டு கோடு, எம்பார்கோ, டிக் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது மணி ஆறு முப்பத்திரண்டு. (சட்டப்படி கடைசி இரண்டு நிமிடம்தான் சரியாக இருந்தது.)

"ஏம்ப்பா, வந்து நின்ன பொறகு அந்தப் பத்து நிமிஷம் எதுக்கு?" என்றார் சாமியார்.

"எழுதிக் குடுத்திருக்கேன் சாமி."

சாமியார் சிமிழை மூடினார். குருத்துவக் கல்லூரியில் அவருக்கு இதற்கு மருந்து சொல்லித்தந்திருக்கவில்லை.

மாமா சிரிக்கவில்லை. "புது மருந்து எந்த நோய்க்கு?" என்றார் மெதுவாக.

எல்லோரும் மறுபடி என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் சார்லஸ், "புண்ணுக்குதாம்ப்பா" என்றான்.

"டேய், கேன்சர்னு சொல்லு. அட்ட போட்டா எழுத்து மாறிடுமா? எட்டு மாசமா எனக்குத் தெரியும்டா. எனக்குத் தெரியாதுன்னு நீங்கல்லாம் நிம்மதியா இருந்தீங்க, அத ஏன் கெடுக்கணும்னு சும்மா இருந்தேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நேத்தே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி செவ்வாக்கெழமைக்குப் படுக்கை வேணாம்னு சொல்லிட்டோம் மாப்ள. ஞாயித்துக்கெழம போறவனுக்கு செவ்வாக்கெழம எதுக்கு டிரிப்ஸு?"

அவரைக் கீமோவுக்கு வரவைக்கத்தான் அந்த ரகசியத்தைச் சுமந்தேன். கீமோவை ரத்து செய்ததும் அதே ரகசியம்தான்.

"வந்தது வந்தீங்க" என்றார் மாமா கூட்டத்திடம். "கேள்வி இருக்கறவங்க கை தூக்குங்க. ஒவ்வொருத்தரா."

யாரும் தூக்கவில்லை. பிறகு அத்தையின் தங்கை, பெண்ணாடத்துச் சின்னம்மா, பாதிக் கையைத் தூக்கினார். "ரொம்ப வலிக்குதா மாமா?"

எட்டு மாதத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மாமா விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார். "வலி தாங்கிடலாம்மா. பயம்தான். இத்தன பேரும் பேரு சொல்லவே பயப்படறாங்கன்னா, அது எவ்ளோ பெருசா இருக்கும்னு."

சரிந்து கிடந்த அத்தை எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையெல்லாம் தூக்கவில்லை. "செவ்வாக்கெழம போவீங்களா, மாட்டீங்களா?"

"நீ கூட வந்தா போறேன்."

அழுது காட்டிக்கொடுத்துவிடுவார் என்று அத்தையை நாங்கள் ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதில்லை. "வரேன்" என்றார். ஜாங்கிரிப் பெட்டியைச் சின்னம்மாதான் பிரித்தார்.

என் கைபேசியில் ஆசிரியரிடமிருந்து எடுக்காத அழைப்புகள் வரிசையாக நின்றன. ஆறரைக்கு உலகமே எழுதிவிட்டது. தடை முடிந்த பிறகும் அதைக் கடைப்பிடித்த ஒரே பத்திரிகையாளன் நானாகத்தான் இருப்பேன். அதோடு என் பத்தியும் நின்றது.

செவ்வாய்க்கிழமை சார்லஸ் கெஞ்சிக் கூத்தாடிப் படுக்கையைத் திரும்ப வாங்கினான். நான் அச்சடித்துக் கொண்டுபோன தாள்களை மருத்துவர் பொறுமையாகப் படித்தார். "நல்ல ஆராய்ச்சிதான் சார். ஆனா இது வேற வகைக்கு. உங்க மாமாவோடது இந்த வகை இல்ல. ரிப்போர்ட்லயே எழுதியிருக்கே, நீங்க படிக்கலயா?"

எனக்கு அந்த நாட்களில் வந்த அதிர்ச்சி வரிசையில் இதுதான் பெரியது. தரையைப் பார்த்தேன். மாமா சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். "நீங்க ஏத்துங்க டாக்டர். நான் இவர நம்பி வரல." பக்கத்தில் அத்தை அழாமல் நின்றார்.

மீதிக் கீமோக்கள் எல்லாம் முடிந்தன. இப்போது பரிசோதனை மட்டும். ஒவ்வொரு பரிசோதனைக்குப் பிறகும் வரும் ஞாயிறு, பூசை முடிந்து, மாமா முதுநகர் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அறிக்கை வாசிப்பார். அட்டை இல்லாத ஃபைல் மடியில் இருக்கும். சொந்தக்காரர்கள் கை தூக்கிக் கேள்வி கேட்பார்கள். இரண்டு பேர் ஒன்றாகப் பேசினால் விசில்.

எனக்கு மட்டும் அனுமதி கிடையாது. முதல் தடவை பின்வரிசையில் இடம் கொடுத்தார்கள். மாமா "எல்லாம் சரியா இருக்கு" என்றதும் பெண்ணாடத்துக் கூட்டம் முழுவதும் திரும்பி என் முகத்தைப் பார்த்துச் சரிபார்த்தது. எனக்கு அப்போது பார்த்துத் தும்மல் வந்தது. சின்னம்மா மயங்கி விழுந்தார். அதிலிருந்து கூட்டம் முடியும்வரை என் இடம் சமையலறை, கதவு சாத்தியிருக்கும். "அகில உலக நிருபர் உள்ள இருக்கட்டும்" என்பது குடும்பத்தின் நிரந்தர நகைச்சுவை.

போன மாதமும் அப்படித்தான். கதவுக்குப் பின்னால் கைத்தட்டல் கேட்டது. என்னவென்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் எடுக்க அத்தை உள்ளே வந்தார்.

"என்னா அத்த சொன்னாரு?"

"நிருபருக்குச் சொல்லக் கூடாதாம்."

சொல்லிவிட்டு, வாயை முந்தானையால் பொத்திச் சிரித்தபடி, காலையிலேயே, மாமா அறிக்கை வாசிக்கும் முன்பே காய்ச்சி வைத்திருந்த பாயசத்தில் முதல் டம்ளரை எனக்கு ஊற்றினார்.