சுத்த நீர் கேன்

"கெடச்சிருச்சு!"

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினான் ஆய்வாளன். ஏரித் தண்ணீரை வடிகட்டிய தாளில் நீல இழைகள்! சூடான ஊசி பட்டதும் சுருண்டன. பிளாஸ்டிக்கேதான்!

ஏரியில் பிளாஸ்டிக் இருப்பதை இன்று மாலைக்குள் காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். அவன் வேலையும் அதோடு காலி. காலையில் ஏரியிலிருந்து இரண்டு கேன் தூக்கிவந்த முதுகுவலிகூட இப்போது மறந்துபோயிற்று.

டீயும் கையுமாகத் தலைமை விஞ்ஞானி வந்தார். வானம் நீலம் என்றாலும் "நிரூபி" என்பார். அதனால் ஆய்வகத்தில் அவருக்கு நிரூபி மேடம் என்றே பெயர்.

"இந்த இழை ஏரியோடதா, உன் சட்டையோடதா? சுத்தமான தண்ணியையும் இதே மாதிரி வடிகட்டு. அதுல ஒண்ணும் இல்லேன்னா நம்புறேன்."

"இதோ மேடம், ரெண்டே நிமிஷம்!"

மூலையிலிருந்த சுத்த நீர் கேனைச் சாய்த்தான். வடிகட்டினான். பார்த்தான். அடக் கடவுளே, அதிலும் நீல இழைகள்!

"சட்டைதான்," என்றார் மேடம், டீயை உறிஞ்சியபடி.

சட்டையைக் கழற்றி வெளியே வீசினான். குடுவைகளைச் சுத்த நீரில் அலசி மறுபடி வடிகட்டினான். இழைகள் கூடியிருந்தன.

"ஃபேன் காத்துல வருதோ?"

ஃபேனை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். மேசையைச் சுத்த நீரால் கழுவினான். விட்டேனா பார் என்று தன் தலையிலும் ஒரு குவளை ஊற்றிக்கொண்டான். கழுவக் கழுவ இழைகள் பெருகின!

"பாவம்யா நீ. ஆனா ஆய்வை மூடத்தான் வேணும்," என்றார் மேடம். "டீ மட்டும் இன்னிக்கு என்னவோ தனி ருசி."

பனியனோடு சொட்டச் சொட்ட நின்றவனுக்கு அழுகை முட்டியது. அப்போது தரை துடைக்கும் மாப்போடு ஆய்வக உதவியாளர் வந்தார். ஒரு கேனும் காலியாக இருக்கப் பொறுக்காத மனுஷர்.

"என்ன தம்பி, இங்கேயே குளியலா?"

"கேன்ல இன்னும் தண்ணி இருக்காண்ணே? கடைசியா ஒரு தடவை பாத்துடறேன்."

"தாராளமா எடுங்க தம்பி! தண்ணி சுத்தம் பண்ற மெஷின் ரிப்பேரு. கேன் காலியா இருந்தா நீங்க சத்தம் போடுவீங்களேன்னு, ஏரியில இருந்து கொண்டாந்தீங்களே ரெண்டாவது கேன், அதைக் காலையிலேயே இதுல ஊத்தி ரொப்பிட்டேன். மேடத்துக்கு டீகூட அதுலதான் போட்டேன்!"