மஞ்சள் மிதவையும் மச்சானின் மெடலும்

ஏரிக்கு நடுவில் நீந்திக்கொண்டிருந்த கண்ணாடிக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மிதவை என்பது எங்கேயாவது நகருமா?

போட்டி நடத்துகிறவர்கள் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் மிதவை வரை நீந்திப் போய், அதைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். அடுத்தது சைக்கிள். அதற்கும் அடுத்தது ஓட்டம். மூன்றையும் நேரத்துக்குள் முடித்தால் மெடல். அவரும் மஞ்சளாகத் தெரிந்ததைக் குறிவைத்துத்தான் கைகால்களை அடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கிட்டே போகப் போக மஞ்சள் எட்டப் போனது.

"அண்ணே, எதுக்கு எங்க பின்னாடியே வர்றீங்க?" என்று மஞ்சள் கேட்டது.

அது வாத்து உருவத்தில் செய்த மிதிபடகு. உள்ளே ஓர் இளம் ஜோடி.

"மன்னிச்சுக்கோங்க தம்பி. மிதவைன்னு நெனச்சுட்டேன்."

"மிதவை அந்தப் பக்கம் இருக்குண்ணே. எல்லாரும் சுத்திட்டுப் போயி ரொம்ப நேரமாச்சு."

ஊரில் பாதிப் பேருக்குக் கண் சோதித்து மூக்குக்கண்ணாடி விற்றவர் அவர். அப்படிப்பட்டவருக்கு வாத்துக்கும் மிதவைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனதற்கு மச்சான்தான் காரணம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரே நிற்பது மனைவியா அலமாரியா என்று அவருக்குத் தெரியாது. அதனால் நீச்சல் கண்ணாடிக்கே பவர் லென்ஸ் பொருத்தித் தன் கடையிலேயே செய்துகொண்டார். மச்சான் அதைக் கையில் வாங்கிப் பார்க்கிற வரை அது நன்றாகத்தான் இருந்தது.

"மாப்ள, தண்ணிக்குள்ள இதுல ஆவி படியும். உள்பக்கம் ஷாம்பூ தடவுங்க. தாராளமா தடவுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன்."

மச்சான் என்பவர் மனைவியின் அண்ணன். மாடியில் குடியிருந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்கி வருவார். போன வருஷம் இதே போட்டியில் கலந்துகொண்டு, கழுத்தில் மெடலோடு வீடு திரும்பியவர். அன்றைக்கு நல்ல மழை, வீட்டிலிருந்து யாரும் பார்க்கப் போகவில்லை. அந்தக் குறை தெரியாமல் அவர் அன்றாடம் பார்த்துக்கொண்டார். தட்டு முன்னால் உட்கார்ந்ததும் ஏரியில் இறங்கிவிடுவார். கை கழுவும்போதுதான் ஓடி முடிப்பார். மெடலும் கண்ணாடிக்காரர் வீட்டு ஹாலில்தான் தொங்கியது. மாடிச் சுவரில் ஆணி இறங்கவில்லையாம்.

ஒரு நாள் கண்ணாடிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "நானும் கலந்துக்கறேன் மச்சான். நான் முடிச்சுட்டா அந்தக் கதையை இனிமே இந்த வீட்டுல சொல்லக்கூடாது."

"முடிக்கலைன்னா?"

"ஆயுசு பூரா வாயைத் தொறக்காம கேட்டுக்கறேன்."

"நான் சாட்சி," என்று மனைவி உடனே சொன்னார். அவரும் தினமும் அதே மேஜையில்தானே சாப்பிடுகிறார்.

அந்த ஷாம்பூதான் இப்போது கண்ணைப் பிடுங்கியது. எரிச்சல் தாங்காமல் நீச்சல் கண்ணாடியைக் கழற்றி ஏரித் தண்ணீரிலேயே அலசினார். எரிச்சல் போனது, ஆவி வந்தது. ஆவி வந்ததால் வாத்து வந்தது.

ஒருவழியாக உண்மையான மிதவையைக் கண்டுபிடித்துச் சுற்றிக் கரையேறினால், சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரே ஒரு சைக்கிள் அநாதையாக நின்றது. அது அவருடையது.

"மச்சான் எங்க? என் மூக்குக்கண்ணாடி அவர்கிட்ட இருக்கு." கரையேறியதும் கையில் தருவதாக மச்சானே கேட்டு வாங்கி வைத்திருந்தார். நேரம் மிச்சமாகுமாம்.

"காபி வாங்கப் போனாரு. இன்னும் வரல," என்றார் மனைவி.

"எந்தப் பக்கம்?"

"கூட்டமா இருக்குங்க. தெரியல."

காத்திருந்தால் நேரம் போகும். கண்ணாடி இல்லாமல் போனால் உயிர் போகும். கண்ணாடிக்காரர் யோசித்துவிட்டு, நெற்றிக்கு ஏற்றியிருந்த நீச்சல் கண்ணாடியை மறுபடி கண்ணுக்கு இறக்கிக்கொண்டார். பவர் இருக்கிறதே, போதும்.

"இதோடயா போகப் போறீங்க?"

"வேற வழி?"

அப்படியாக அவர் தலைக்கவசமும் நீச்சல் கண்ணாடியுமாகச் சைக்கிளில் கிளம்பினார். சாலையோரம் நின்றவர்கள் கைதட்ட மறந்துபோனார்கள். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் மட்டும், தான் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி ஒரு முறை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

ஷூவில் பவுடர் கொட்டி வைத்ததும் மச்சானின் யோசனைதான். ஈரக் காலும் பவுடரும் சேர்ந்து பசையாகி, மிதிக்கிற மிதியெல்லாம் வழுக்கியது. ஷூக்களைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். மேடு ஏறும்போது அதில் ஒன்று விழுந்தது.

"சார், இது உங்களுதா?"

பின்னாலேயே ஒரு வெள்ளை வேன் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஓட்டிய அம்மாள் ஜன்னல் வழியாக ஷூவை நீட்டினார். முடியாதவர்களை ஏற்றிக்கொள்வதற்காகக் கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வேன் அது.

"ஏறிக்கறீங்களா சார்? உள்ள ஏசி இருக்கு. இந்த மேட்டுல நெறைய பேரு ஏறிடுவாங்க."

"ஏறினா?"

"ஏறினா அவ்வளவுதான், போட்டி முடிஞ்சுது. பிஸ்கட் தருவோம்."

"வேணாங்கம்மா," என்றார் கண்ணாடிக்காரர். மூச்சு இரைத்ததில் மறுபடி ஆவி படிந்தது. ரப்பரை இழுத்து உள்ளே துடைத்தார். அது கையை விட்டு நழுவி மூக்கில் பளாரென்று அறைந்தது.

ஓட்டத்தை நம்பித்தான் அவர் சைக்கிளை முடித்தார். ஓட்டத்தைப் பற்றி மச்சான் அவ்வளவு ஆறுதல் சொல்லியிருந்தார். "இருக்கறதுலயே ஓட்டம்தான் சுகம் மாப்ள. வழி பூரா மரம். அதுவும் இறக்கம். காலை வெச்சா அதுவா போகும். தண்ணி பாட்டில்கூட வேணாம்."

பாட்டிலை விட்டுவிட்டு வந்த கண்ணாடிக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். மரம் ஒன்றுகூட இல்லை. சாலை வானத்தைப் பார்த்து ஏறியது.

"ஏம்மா, இந்த வருஷம் பாதையை மாத்திட்டாங்களா?"

"இல்லையே சார். எப்பவும் இதான்," என்றார் வேன்கார அம்மாள்.

மச்சான் பாதை தெரியாமல் சொல்லியிருக்க முடியாது. கழுத்தில் மெடல் போட்டு வந்தவர். இறக்கம் ஏற்றமாகத் தெரிகிறதென்றால் லென்ஸில்தான் கோளாறு. இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கண்ணாடிக்காரருக்குத் தன் தொழில் மீதே நம்பிக்கை ஆட்டம் கண்டது. நாளைக்குக் கடையைத் திறந்ததும் எல்லாருக்கும் பவரை மறுபடி சோதிக்க வேண்டும் என்று கவலைப்பட்டுக்கொண்டே ஓடினார். பிறகு நடந்தார். பிறகு சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

வேன் நின்றது. கதவு தானாகத் திறந்தது. குளிர்ந்த காற்று வந்து முகத்தைத் தடவியது.

"வெயில் ஏறுது சார். யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

கண்ணாடிக்காரர் எழுந்தார். ஒரு கை கதவைப் பிடித்தது. ஒரு கால் படியில் ஏறியது. அப்போது அவருக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை தெரிந்தது. எதிரே மச்சான். "தண்ணியில எறங்கினேன் பாருங்க மாப்ள..." இன்று, நாளை, இருமல் வந்தால்கூடக் குறுக்கிடாமல், ஆயுள் முழுக்க.

காலைக் கீழே இறக்கினார். கதவை அவரே இழுத்துச் சாத்திவிட்டு ஓட ஆரம்பித்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது முடிவுக் கோட்டின் பலூன் வளைவில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். குனிந்து நுழைந்தார்.

"நேரம் இருக்கு சார், முடிச்சுட்டீங்க," என்றார் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவர்.

மனைவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. கண்ணாடிக்காரருக்கும் கலங்கியது, நீச்சல் கண்ணாடிக்குள் அது தேங்கி நின்றது. மச்சான் ஒரு கையில் காபியும் மறு கையில் மூக்குக்கண்ணாடியுமாக நிதானமாக வந்தார்.

"முடிச்சுட்டேன் மச்சான்."

"கடைசியா வந்தா முடிச்சதுல சேருமா மாப்ள? மெடல் எங்க?"

மெடல் கொடுக்கும் மேஜையில் இருந்தவர் கையை விரித்தார். "இங்க தீர்ந்துபோச்சு சார். இன்னொரு பெட்டி இருக்கு, கொஞ்சம் இருங்க."

"பாத்தீங்களா, மெடலே இல்ல. மெடல் இல்லாம முடிச்சதா எப்படி எடுத்துக்கறது? நான் முடிச்சப்ப என்னாச்சு தெரியுமா? தண்ணியில எறங்கினேன் பாருங்க..."

மனைவி தரையைப் பார்த்தார். அந்த நேரத்தில் வெள்ளை வேன் வந்து நின்றது.

ஏரியில் பாதி தூரம் நீந்தியிருந்த மச்சான் சட்டென்று நிறுத்தினார். "சரி சரி, வெயிலா இருக்கு. வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்," என்று தங்கையின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

வேன்கார அம்மாள் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டு, கைகொடுக்க ஆள் தேடித் திரும்பியவரின் முகம் மலர்ந்தது.

"அட, போன வருஷம் சைக்கிள் மேட்டுல நம்ம வேன்ல ஏறிக்கிட்ட சார்தானே நீங்க? அன்னிக்கு இந்த மெடல் பெட்டியை எறக்கிக் குடுத்ததுக்குத்தான் உங்களுக்கும் ஒண்ணு குடுத்தோம், இன்னிக்கும் கனமாத்தான் இருக்கு, வந்து ஒரு கை பிடிங்க."