உப்புத்தாள் கம்பவுண்டரின் தேய்ப்பு மிஷின்

தருமபுரியில் அந்தக் காலத்தில் கண்ணால் பார்த்து நம்பியவர்கள் உண்டு, கையால் தொட்டுப் பார்த்து நம்பியவர்களும் உண்டு. கன்னத்தால் உரசிப் பார்த்து உலகத்தை எடை போட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர். கல்யாண வீட்டு பெஞ்சு, தாசில் ஆபீஸ் மேஜை, சந்தையில் நிற்கும் வண்டியின் நுகத்தடி, எதுவும் அவர் கன்னத்துக்குத் தப்பாது. குனிந்து ஒரு இழுப்பு இழுப்பார். "சிலாம்பு இருக்குதுங்க, குத்தும்" என்பார். சட்டைப் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து அங்கேயே தேய்க்க ஆரம்பித்துவிடுவார். ஊருக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர், தமக்குப் போட்ட நாற்காலியைக் கம்பவுண்டர் தேய்த்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தாராம். அன்றிலிருந்து அவர் உப்புத்தாள் கம்பவுண்டர் ஆனார். சொந்தப் பெயரை ஆஸ்பத்திரியே மறந்துவிட்டது.

மருந்து கலக்குவது அவருக்குப் பிழைப்பு, வீட்டில் தச்சு வேலை செய்வது பைத்தியம். நான் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். அவர் செய்த முக்காலி ஒன்று என்னிடம் இருந்தது. வழவழப்பில் குறை சொல்ல முடியாது, உட்கார்ந்தால் வழுக்கிக் கீழே தள்ளிவிடும்.

யுத்தம் முடிந்த சமயம் அவருடைய தம்பி மாதையன் பர்மாவிலிருந்து திரும்பி வந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பட்டாளத்துக்குப் போகும் முன்பே கம்பைநல்லூரில் அவனுக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். தரகர் வந்து செய்தி சொன்னார்.

"பொண்ணு வூட்ல மாட்டேன்னு சொல்லலீங்க. மாப்பிள்ளை எங்க வாசலுக்குக் கோல் இல்லாம நடந்து வரட்டும், குடுக்கறோம்னாங்க. ஆடி முடியற வரைக்கும் பாப்பாங்களாம்."

பட்டாளத்திலேயே கட்டைக்கால் கொடுப்பார்கள், கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும் என்றேன். கம்பவுண்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது யாரு காலுக்கோ அளவெடுத்ததுங்க, வாத்தியாரே. எந்தம்பிக்கு நாஞ் செய்யறேன்" என்று பூவரச மரம் வாங்கக் கிளம்பிவிட்டார்.

கையால் தேய்த்தால் ஆடிக்குள் முடியாது என்று அவருக்கே தெரிந்தது. சேலத்தில் யுத்த சாமான்கள் ஏலம் போவதைக் கேள்விப்பட்டுப் போனார். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்ட இரும்புத் தகடும் அது சுழலும் அச்சும் கொண்டு வந்தார். தகட்டில் உப்புத்தாளை ஒட்டிச் சுழலவிட்டு, மரத்தை அதன்மேல் அழுத்தினால் தானே இழைந்துவிடும். வெகு மலிவாகக் கிடைத்ததென்று பூரித்துப் போனார். ஏன் மலிவென்றால் மோட்டார் இல்லை.

"மோட்டார் எதுக்குங்க? கால் இருக்குதில்ல!" என்றார். சொன்ன பிறகுதான் தம்பி பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். மாதையனோ விழுந்து விழுந்து சிரித்தான். "ஒண்ணு இருக்குதுண்ணா, அது போதும்!"

தையற்காரர் ஒருவர் கழித்துப் போட்ட தையல் மிஷினின் அடிப்பாகம் வந்தது. தோல்வார் மாட்டித் தகட்டோடு இணைத்தார்கள். மாதையன் நல்ல காலால் மிதிக்க, அண்ணன் அவனுடைய இன்னொரு காலைத் தேய்ப்பதாக ஏற்பாடு. உப்புத்தாளை ஒட்ட வஜ்ஜிரப் பசை கிடைக்காததால் கேழ்வரகுக் கூழைக் காய்ச்சித் தடவினார். காலையில் பார்த்தால் எலிகள் கூழோடு சேர்த்து உப்புத்தாளையும் கொறித்திருந்தன. "மணலைத் தின்னா எலிக்கு என்னங்க ஆவும்?" என்று வைத்திய அக்கறையோடு என்னை வந்து கேட்டார்.

அந்த மிஷினில் ஒரு சூட்சுமம் உண்டு. தகடு கீழ்நோக்கிச் சுற்றும் பக்கத்தில்தான் மரத்தை வைக்க வேண்டும், அது அடியில் தாங்கலாக வைத்த பலகையோடு அழுந்தி நிற்கும். மேல்நோக்கி வரும் பக்கத்தில் வைத்தால் தூக்கி எறிந்துவிடும். தையல் மிஷின் மிதியோ, காலை வைத்ததும் எந்தப் பக்கம் சுற்றுமென்று சொல்ல முடியாது. கையால் சக்கரத்தைத் தள்ளிவிட்டுத்தான் மிதிக்க வேண்டும். அவசரத்தில் அதை மறந்தார்கள். நிலைமையை நேரில் பார்த்துப் போக வந்த தரகர் என் வீட்டு முற்றத்தில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். சுவரைத் தாண்டி ஒரு கால் பறந்து வந்து அவர் முன்னால் விழுந்தது.

"வாத்தியாரே, மாதையன் காலு அந்தப் பக்கம் வந்துதுங்களா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து கம்பவுண்டர் கேட்டார். தரகர் மோரை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

முதல் கால் உயரம் கூடிவிட்டது என்று அடியைத் தேய்த்தார், குட்டையாகிவிட்டது. இரண்டாவது கால் கச்சிதமாக அமைந்தது. பங்குனியில் மாதையன் அதை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை கோலில்லாமல் போய்த் திரும்பினான். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது.

"போதும்ணா. கம்பைநல்லூருக்குப் போலாம்ணா."

கம்பவுண்டர் குனிந்து காலில் கன்னத்தை வைத்தார். "இன்னும் கரகரங்குதுடா. நாலு பேரு பாக்கற கால். வேட்டி மாட்டி விழுந்தீனா? இரு, இன்னொரு தரம் ஓட்டிடலாம்."

சித்திரை போனது, வைகாசி போனது. மாதையன் கேட்கும்போதெல்லாம் "இன்னொரு தரம்" என்றார். அண்ணனை எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. தன் காலைத் தானே மிதித்து மிதித்து மெருகேற்றினான். ஆடியும் முடிந்தது.

ஆவணி பிறந்ததும் ஒருநாள் கம்பவுண்டர் என் வீட்டுக்கு ஓடிவந்து, "தொட்டுப் பாருங்க வாத்தியாரே!" என்று மரக்காலை நீட்டினார். கண்ணாடியாக இருந்தது. அன்று சாயங்காலமே தரகர் வந்தார், உட்காரவில்லை. "ஆவணி முதல் முகூர்த்தத்துலயே வேற எடத்துல குடுத்துட்டாங்க. ஆடி வரைக்கும் வழியப் பாத்துக்கிட்டு இருந்துச்சாம் அந்தப் புள்ள."

கம்பவுண்டர் காலை மடியில் வைத்தபடியே இருந்தார். "வழவழன்னு ஆயிடுச்சுங்களே" என்றார்.

மாதையன் அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை, வேறு பெண்ணும் வேண்டாமென்றான். மிஷினைக் கழற்றிப் போட்டார்கள். அந்த இரும்புத் தகடு தண்ணீர்ப் பானைக்கு மூடியானது. கம்பவுண்டர் அதற்குப் பிறகு எந்த மரத்திலும் கன்னம் வைக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது பெஞ்சுகள் வந்தபோது கூப்பிட்டேன். தூரத்திலேயே நின்று, "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அப்படிச் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டே நெஞ்சுவலியில் போய்விட்டார். வாசலில் பாடை கட்டி முடித்து, நேரமாகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள். கோலில்லாமல் நடந்து வந்த மாதையன் குனிந்து பாடை மூங்கிலில் கன்னத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தான்.

"சிலாம்பு இருக்குதுங்க. அண்ணனுக்குக் குத்தும்."

உள்ளே போய் உப்புத்தாளை எடுத்து வந்து தேய்க்க உட்கார்ந்தான். போதும் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை.